ஜும்ஆ நேரத்துக் காவல்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு இருபதுக்கு, ஒழுங்கையின் கடைசி ஆணும் படியிறங்கிப் பள்ளிவாசலுக்குப் போன பிறகு, கமலம் தம் வீட்டுப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து ஸக்கியாவின் கேற்றடியில் போட்டு அமர்ந்தார். இது மூன்றாவது வெள்ளி. யன்னல் திரையின் விளிம்பை இரண்டு விரலால் விலக்கி ஸக்கியா பார்த்துக்கொண்டிருந்தாள். மாநகர சபையின் தண்ணீர்ப் பட்டியல் பகுதியில் முப்பத்தொரு வருடம் கடமையாற்றி ஓய்வு பெற்றவர் கமலம். அலுவலக மேசை முன்னால் இருந்தது போலவே, முதுகைச் சாய்க்காமல், இப்போதும் இருந்தார். மடியில் பத்திரிகை இல்லை, கையில் தொலைபேசி இல்லை. பார்ப்பதற்கென்று வந்தவர், பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹந்தானை மலைச் சரிவில் படிப்படியாக ஏறும் அந்த ஒழுங்கையில் பதினொரு வீடுகள். கமலத்தின் வீட்டைத் தவிர மற்றப் பத்தும் முஸ்லிம் வீடுகள். இரண்டு மாதத்துக்குள் மூன்று வீடுகளில் களவு போயிருந்தது; மூன்றும் ஜும்ஆ நேரத்தில். அதற்கு முன்னர் பகலில் எவரும் கதவைப் பூட்டியதில்லை. இப்போது எதிர்வீட்டுக்கு ஒரு கோப்பை சீனி வாங்கப் போவதானாலும் பூட்டில் திறப்பைச் சுழற்றிவிட்டுத்தான் போனார்கள். மூன்றாவது களவு ஸக்கியாவின் வீட்டில். பக்கத்து வீட்டு நுஸ்ஹாவுக்கு நெய்ச்சோறு கொடுக்கப் போய்க் கால் மணி நேரம் கதைத்துவிட்டுத் திரும்பியபோது அலுமாரி திறந்து கிடந்தது. மகள் ஷஹ்மாவின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த ஆறு காப்புகளும் இல்லை.

அந்த நேரத்தில் ஒழுங்கையில் எந்த ஆண் இருப்பான் என்று விசாரிக்க வந்த சார்ஜன்ட் கேட்டார். "ஆம்பிளையெண்டா கமலக்காட மகன் யுகேஷ் மட்டுந்தான் ஈக்கிற. ஹோட்டல்ல நைட் வேல, பகல்ல தூங்குற" என்றாள் ஸக்கியா. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த உண்மைதான் பிறகு அவளை உறங்கவிடாமல் செய்தது. யுகேஷை இரண்டு தடவை நிலையத்துக்கு அழைத்தார்கள். டுபாயில் வேலை சரிவந்து, குற்றப்பதிவு இல்லை என்னும் பொலிஸ் ரிப்போர்ட் ஒன்றுக்காக மட்டும் அவன் காத்திருந்தான். விசாரணை முடியட்டும் என்று அது நின்றுபோயிற்று. மாத முடிவுக்குள் கிடைக்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விடும்.

"பாத்தீங்களா ராத்தா, கமலக்காட முன்னால பூனையும் பேர் செல்லிட்டுத்தான் போகணும்" என்று சிரித்தபடி நுஸ்ஹா பின்கதவால் வந்து யன்னலருகே நின்றாள். ஸக்கியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கீழே ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கிச் சிறிது நேரம் ஆகியிருந்தது. வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக, தோளில் மடித்த தொழுகை விரிப்போடு, ஒருவன் படியேறி வந்தான். கமலம் எழுந்தார்.

"தம்பி, நில்லுங்க. பள்ளி கீழ இருக்கு. பிரசங்கம் நடந்துக்கிட்டு இருக்கு. நீங்க மேல எங்க போறீங்க?"

"அரூஸ் ஹாஜியார்ட வீட்டுக்கு."

"அப்படி ஒருத்தர் இங்க இல்ல. பதினொரு வீட்டுத் தண்ணி பில்லும் நான் எழுதினது. தொழுகைய விட்டுட்டு யாரத் தேடுறீங்க?"

அவன் திரும்பினான். வந்ததைவிட விரைவாக இறங்கினான். கமலமும், மூட்டுவலிக்கால்களோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து வளைவு வரையில் இறங்கினார். மோட்டார் சைக்கிள் ஒன்று உறுமிப் போகும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் அதன் இலக்கத்தைப் பேனையால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார்.

ஸக்கியா திரையை முழுவதும் விலக்கினாள். அவனை அவள் கண்டிருக்கிறாள். களவு போன அன்று, நெய்ச்சோற்றுத் தட்டோடு கேற்றைக் கடந்தபோது அவன் ஸலாம் சொன்னான். அவளும் பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமையில் தொப்பியும் விரிப்புமாக ஒருவன் போனால் அவன் பள்ளிக்குப் போகிறவன். அதற்குமேல் கண் எதையும் கேட்பதில்லை. யாரைக் கண்டீர்கள் என்று சார்ஜன்ட் கேட்டபோது, ஒருவரையும் காணவில்லை என்று மனதார நம்பிச் சொல்லிக் கையெழுத்தும் வைத்திருந்தாள். அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று பார்ப்பதற்குக் கமலக்கா வேண்டியிருந்தது.

தொழுகை முடிந்து வந்த கணவன் நபீல் முழுவதையும் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"கையெழுத்து வெச்சத மாத்துறதா? அதுவும் தொப்பி போட்டவனெண்டு நாமளே பெய்த்து எழுதிக் குடுக்கிறதா? இந்தக் காலத்துல? ஊர் என்ன செல்லும்?"

"தொப்பியா களவெடுத்த? அவன்தானே எடுத்த."

"நம்பர கமலக்கா குடுக்கட்டுமே. நீ ஏன்?"

"யுகேஷ்ட பேர நான்தானே செல்லிக் குடுத்த. அத வேற யாரு வந்து எடுக்கிற?"

நபீல் மேசையிலிருந்த தொப்பியை எடுத்து மடித்தான். சம்மதமா கோபமா என்று காத்திருந்து அறிய அவளுக்கு நேரமில்லை. அபாயாவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கமலம் கதிரையை எடுப்பதற்குக் குனிந்திருந்தார்.

"கமலக்கா, யுகேஷ்ட பேர பொலிஸுக்கு..."

"தெரியும். ஸ்டேஷன்ல வாக்குமூலத்த அவன்கிட்ட வாசிச்சுக் காட்டினாங்க."

"எப்ப?"

"ரெண்டு வாரத்துக்கு முந்தி. ஒரு வியாழக்கிழமை."

மறுநாள்தான் இந்தக் கதிரை முதன்முதலாக இங்கே வந்தது. ஸக்கியா அதைக் கணக்கிட்டு முடித்தபோது தலையை நிமிர்த்த இயலவில்லை. மகனின் பெயரைக் கொடுத்தவளின் வாசலை, மூன்று வெள்ளி, வெயிலிலும் தூறலிலும் ஒருத்தி காவல் காத்திருக்கிறாள். ஒரு சொல் குத்தலாக வரவில்லை. கண்டால் விசாரிப்பது நிற்கவில்லை.

"தெரிஞ்சிக்கிட்டா எண்ட வாசல்ல வந்து இருந்தீங்க?"

கமலம் கதிரையின் காலில் ஒட்டியிருந்த சேற்றைப் படிவிளிம்பில் தட்டினார்.

"எங்க வீட்டு வாசல்ல இருந்தா ஆறு கதவுதான் தெரியும், ஸக்கியா. இங்கேருந்து பாத்தாத்தான் பதினொண்ணும் தெரியுது."

"நான் அவனுக்கு ஸலாம் குடுத்தேன், கமலக்கா. அண்டைக்கு. இப்ப பெய்த்து அத செல்லப் போற."

கமலம் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதிரையைச் சுவரோரம் சாத்திவிட்டு, உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு வந்தார். எழுத்து அழிந்துவிடாமல் உள்ளங்கையை விரித்தே வைத்திருந்தார்.

இருவர் சேர்ந்து இறங்க அந்தப் படிகளில் இடமில்லை. கமலம் முன்னால் இறங்கினார். மழை பிடித்துக்கொண்டதில் படிகள் கறுத்து வழுக்கின. வீட்டு வாசல்களில் பெண்கள் நின்று பார்த்தார்கள். இருவரும் எங்கே போகிறார்கள் என்று எவரும் கேட்கவில்லை. பாசி படிந்த திருப்பத்தில் ஸக்கியா தயங்கி நின்றுவிட்டாள். கீழே, பிரதான வீதி தொடங்கும் இடத்தில், பஸ்களின் இரைச்சலுக்கு முகத்தைக் கொடுத்தபடி கமலம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. எழுதிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்பக்கமாக, ஸக்கியா இறங்கி வரவேண்டிய படியின் உயரத்துக்கு, நீட்டியிருந்தார்.