மேடம் சாப்பிட்ட சாட்சிகள்

1.

இந்தக் கதையை ஆரம்பித்து வைத்தது நான் இல்லை. அனுப்பம்பட்டு ரயில் நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண். "பாத்ததத்தான் எழுதுவாங்களாம், துன்னத எழுத மாட்டாங்களாம்" என்றாள். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள். யார், எதைத் தின்றார்கள், எதில் எழுத வேண்டும், ஒன்றும் தெரியாது. கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், எனக்கு எழுத எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2.

முதல் தொடக்கம்: "பழவேற்காடு ஏரியின் மேல் பூநாரைகள் ரோஜா நிறத்தில் —"

வேண்டாம். பழவேற்காட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் போதும், கூப்பிடாமலே பூநாரை வந்து நின்றுவிடுகிறது.

இரண்டாவது தொடக்கம்: "இயற்கை விவசாயத்துக்கு அரசு ஏன் மானியம் தர வேண்டும் என்றால் —"

இதுவும் வேண்டாம், கொட்டாவி விடுவீர்கள்.

[ஆனால் விஷயம் தெரிந்தாக வேண்டும். அடைப்புக்குள் சொல்லிவிடுகிறேன். பூச்சிமருந்தை நிறுத்தினால் முதல் சில போகம் விளைச்சல் படுத்துவிடும். அந்த நஷ்டத்தை ஊர்ப் பணத்தில் ஈடுகட்டுவது நியாயம்தான். வயலில் அடித்த மருந்து மழையோடு ஏரிக்குப் போகிறது, ஏரி எல்லாருக்கும் பொது. என் கதையில் வரும் திட்டத்துக்கு ஒரே நிபந்தனை: வயலில் உயிர் நடமாட வேண்டும், அதை அதிகாரி கண்ணால் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். இது நானே போட்ட திட்டம். எந்த ஆபீசிலும் போய் விசாரிக்காதீர்கள்.]

3.

உம்மு ஹானிக்கு சுண்ணாம்புக்குளத்தில் வாப்பா வழியில் வந்த வயல் இருக்கிறது. பயிர் வைப்பதில் கூட்டாளி கஸ்தூரி. விளைவதில் ஆளுக்குப் பாதி. மற்ற நாளில் கஸ்தூரி ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். இரண்டு பேரும் சேர்ந்துதான் மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். நெல் குறைந்தது.

உம்மு ஹானியின் புருஷன் அபூபக்கருக்குப் பொறுமையும் குறைந்தது. வயலில் இறால் குட்டை வெட்ட ஒருவர் குத்தகை கேட்டு அலைந்துகொண்டிருந்தார்.

"இன்னிக்கு மேடம் வந்து பாக்கட்டும். மானியம் உண்டுன்னா நெல்லு. இல்லன்னா எறா குட்ட. சாயங்காலம் அந்தாளுக்கு வார்த்த குடுத்துடுவேன்" என்றார்.

"உப்புத் தண்ணிய ஏத்திட்டா அப்புறம் புல்லுகூட மொளைக்காதுங்க" என்றாள் உம்மு ஹானி.

"அத மேடத்துகிட்ட சொல்லு."

4.

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் என்ன செய்வோம்? கூட்டிப் பெருக்குவோம். உம்மு ஹானியும் அதைத்தான் செய்தாள், வயலில். விடிந்ததும் களையை எல்லாம் பிடுங்கினாள். வரப்பைச் செதுக்கி, நண்டு வளைகளைச் சேறு வைத்து அடைத்தாள். கஸ்தூரி தகரத்தைத் தட்டிக் கொக்குகளை விரட்டினாள். தவளைகள் சத்தத்துக்கே ஓடிவிட்டன. அடைப்பதற்கு முன்னால் வளை வளையாகக் கையை விட்டுப் பிடித்த நண்டுகள் ஒரு குண்டான் நிறைய இருந்தன.

"நண்ட இன்னா பண்றது பாயம்மா?"

"மேடம் பசியோட வருவாங்க. ரசம் வெச்சிடு."

[இந்த இடத்தில் நான் தடுத்திருக்கலாம். 'மேடம் எதப் பாக்க வராங்க?' என்று கஸ்தூரியின் வாயில் ஒரு கேள்வியை வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை, எனக்குக் கதை வேண்டியிருந்தது. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், பாவம் அவர்களை விட்டுவிடுங்கள்.]

5.

அதிகாரி அம்பிகாவை முதலில் லஞ்சம் கேட்பவராக எழுதினேன். சரிப்படவில்லை. அதை அடித்துவிட்டு நேர்மையானவராக, சாப்பாட்டுப் பிரியராக மாற்றினேன். அப்புறம்தான் உம்மு ஹானியின் பாடு உண்மையிலேயே திண்டாட்டமாயிற்று.

அம்பிகா வந்ததும் சாப்பிட்டார். ரசத்தை இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு வயலுக்குப் போய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். முகம் மாறியது.

"மருந்து அடிச்சீங்களாம்மா?"

"அல்லா மேல ஆணையா இல்ல மேடம்."

"ஒரு தவளகூட இல்லையே. ஒரு நண்டு வளகூடக் காணோம்."

"இருந்திச்சி மேடம்" என்றாள் கஸ்தூரி. "நீங்க குடிச்ச ரசம் பூரா இந்த வயலு நண்டுதான்."

அம்பிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "நான் பாத்ததத்தாம்மா எழுத முடியும். சாப்ட்டத எழுத முடியாது."

அபூபக்கர் குத்தகை கேட்டவரைக் கூப்பிடப் போனை எடுத்தார். உம்மு ஹானி தன் கையாலேயே கெடுத்தோமே என்று நொந்துபோனாள்.

6.

முடிவு, அ: ஒரு பூநாரை வந்து வயலில் இறங்குகி —

சும்மா இரு.

முடிவு, ஆ: அம்பிகா இரக்கப்பட்டு, பார்த்ததாகவே எழுதிவிடுகிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த இரக்கத்தை நாளைக்கு மருந்தடித்த பக்கத்து வயலும் கேட்கும். கஸ்தூரி இறங்குவது அந்தத் தண்ணீரில்தான்.

முடிவு, இ: குண்டானில் ஒரு குட்டி நண்டு மிச்சம். ரசத்துக்குத் தேறாது என்று கஸ்தூரி விட்டு வைத்தது.

"மேடம் அந்தப் பக்கம் திரும்பட்டும். வரப்புல வுட்டுடலாம்" என்று காதைக் கடித்தாள்.

உம்மு ஹானி நண்டை வாங்கிக்கொண்டு நேராக அம்பிகாவிடமே போனாள்.

"மேடம், இது இந்த வயலுது. காலைல நாங்கதான் புடிச்சோம். உங்க முன்னாடியே வுடறேன். படம் எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்."

விட்டாள். நண்டு வரப்போரமாகத் தன் வளையைத் தேடி ஓடியது. எல்லாம் அடைத்துக் கிடந்தது. அப்போது அபூபக்கர் போனைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்து, ஒரு வளையின் சேற்றை விரலால் தோண்டிவிட்டார். நண்டுமேல் இரக்கமா, சாட்சியை ஒளித்துவிடும் தந்திரமா, எனக்குத் தெரியாது. நான் அப்படி யோசித்து வைக்கவே இல்லை.

அம்பிகா போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். கையால் கொண்டுவந்து விட்ட நண்டு சாட்சி ஆகுமா? தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காலையிலிருந்து நானும் ஆட்களைக் கையால் கொண்டுவந்து இந்த வயலில் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்பிகாவின் போனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உம்மு ஹானி உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நண்டு பாதி வளைக்குள் போய்விட்டது.