பாதி எழுந்த கூடம்

பிரபுவின் மாளிகையில் வருகிறவர்களின் பட்டத்தை உரக்கச் சொல்வதற்கென்றே ஒரு வாசற்காரர் இருந்தார். பட்டம் உள்ளவர் வந்தால் கூடமே எழுந்து நிற்கும். இல்லாதவருக்கு ஒரே சொல்தான்: "சாமானியர்!" அதைக் கேட்டால் யாரும் அசையக் கூடாது. அந்தச் சொல்லால் வேறு பயன் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. குழப்பம் வந்தால் பிரபுவைப் பார்த்து அவர் செய்வதைச் செய்ய வேண்டும்.

பிரபுவின் மகனுக்குப் பெண் கொடுக்கச் சம்பந்தம் பேச வந்த மெக்கானிக்கிடம் அவருடைய மகள் இதை வாசலில்தான் சொன்னாள். முன்னாலேயே சொல்லியிருந்தால் மனுஷர் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்.

"அப்ப நான் உள்ள போறது பூனை நுழைஞ்ச மாதிரி."

"பூனையையாவது யாராச்சும் கொஞ்சுவாங்கப்பா."

மெக்கானிக் வண்டிச் சாவியை விரலில் சுழற்றினார். "சம்பந்தின்னா எந்திரிச்சு வரவேற்கணும். இல்லையா, வண்டியத் திருப்பிடுவேன். உன் கல்யாணமும் அதோட சரி."

சொன்னால் செய்வார். ஒரு ஸ்பேனருக்காகச் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தியவர்.

மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். "எங்கப்பா மாற மாட்டாரு மாமா."

"நானும்தான் மாப்பிள்ளை."

அவன் மெக்கானிக்கின் மகளைப் பார்த்தான். அவள் சாவியைப் பார்த்தாள். சட்டென்று மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ரெண்டு பேரையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றான் வாசற்காரரிடம்.

வாசற்காரர் உள்ளே திரும்பி உரக்கச் சொன்னார்: "இளைய பிரபு... மற்றும் சாமானியர்!"

முதல் பாதிக்குப் பிரபு எழத் தொடங்கினார். மறு பாதிக்கு உட்காரத் தொடங்கினார். நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். எல்லாரும் பாதியில் நின்றார்கள். பட்டு உடுத்திய அத்தைகள், தொந்தி சரிந்த சித்தப்பாக்கள், அத்தனை பேரும் நாற்காலிக்கு ஒரு சாண் மேலே. யாருடைய முழங்காலோ மளுக்கென்றது.

சாவி சுழல்வது நின்றது.

"இது எந்திரிச்ச கணக்கா, உக்காந்த கணக்கா?"

"தெரியலப்பா."

மெக்கானிக் விறுவிறுவென்று நடந்து பிரபுவின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, ஒண்ணு மேல ஏத்துங்க, இல்ல கீழ இறக்குங்க. நடுவுல நிறுத்தினா கியர் பாக்ஸ் போயிடும்."

கையை நீட்டினார். பிரபு அந்தக் கையையே பார்த்தார். உட்காரவும் ஒரு கை வேண்டும், எழவும் ஒரு கை வேண்டும். வேறு வழியில்லாமல் பிடித்தார். மெக்கானிக் எந்தப் பக்கம் இழுத்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

பிரபு நிமிர்ந்தார். கூடமே சரசரவென்று எழுந்து நின்றது.

"அட, பரவால்ல, உக்காருங்க உக்காருங்க" என்றார் மெக்கானிக், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே.