பாதிரியார் வராத கரை

பிற்பகல் மூன்றரை மணிக்கு அபெரிஸ்ட்வித் நூலகத்தின் வாசிப்பறையில் நெஸ்டா பென்சிலைக் கீழே வைத்தாள். முனை பழைய தாளில் பட்டுவிட்டால் வம்பு. இடது பக்கம் ஒரு புத்தகம், வலது பக்கம் ஒரு புத்தகம், இரண்டும் மெத்தென்ற தாங்கிகளில் மல்லாந்து கிடந்தன. இடதுபுறம் இருந்தது பாதிரியார் சைலஸ் ராம்ஸ்டோன் 1797இல் அச்சிட்ட வேல்ஸ் கரையோரப் பயண நூல். அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். அவள் ஊரான போர்த் எல்வியின் கரையில் ஒரு கப்பல் உடைந்ததும், விடியலில் ஒதுங்கிய சீமாட்டியின் விரலில் நீலக்கல் மோதிரம் இருந்ததும், அது கழலாமல் போகவே கீழ்ப்பண்ணை வீட்டுக்காரி விரலைப் பல்லால் கடித்தே எடுத்துக்கொண்டதும், தான் கண்ணால் கண்டதாக அவர் எழுதியிருந்தார். வலதுபுறம் இருந்தது அதற்கும் நாற்பது வருடம் முந்தியது. கார்ன்வால் கரையைப் பற்றி ஒரு கப்பல் தலைவன் எழுதிய நாட்குறிப்பு. அதே விடியல், அதே நீலக்கல், அதே பல். "நனைந்த கம்பளி போலத் தொங்கிய மேகம்" என்ற சொற்கள்கூட மாறவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் பாதிரியார் மாற்றியிருந்தார்.

மூன்று நாட்களுக்கு முன் அவள் நகல் எடுத்துவைத்த கடிதம் ஒன்றும் பையில் இருந்தது. பாதிரியார் தன் தங்கைக்கு எழுதியது. போர்த் எல்வியில் நின்றுகொண்டிருந்ததாக அவர் சொன்ன அதே வாரம், இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்து விடுதியொன்றில் கீல்வாதக் காலைத் தலையணை மேல் தூக்கிவைத்துப் படுத்திருந்தார். "அந்த ஈர நாட்டுக்குள் இனி ஓரடி வைக்க மாட்டேன். மிச்சத்தை எழுதப் புத்தகங்களே போதும்" என்று இருந்தது. ஒன்பது வருடமாக அவள் தேடிய வரி. கிடைத்தால் கத்திவிடுவேனோ என்று முன்பெல்லாம் பயந்ததுண்டு. இப்போது எல்லாம் கைக்கு வந்தும் அப்படி எதுவும் நடக்கவில்லை. எதிர் மேசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். வெளியே மழை.

போர்த் எல்வியில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள் என்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. ரொட்டி இட்வால், தபால் இட்வால் என்று. கீழ்ப்பண்ணைக்காரரான நெஸ்டாவின் அப்பா விரல் இட்வால். ரொட்டியும் தபாலும் செய்த வேலையால் வந்தவை, ஆளோடு போய்விட்டன. விரல் மட்டும் பரம்பரைச் சொத்தாக இறங்கிக்கொண்டே வந்தது. "மோதிரத்தைக் கழட்டி ஒளிச்சு வைங்கடி, விரல்காரி வர்றா!" என்று பள்ளிக்கூடத்தில் கத்துவார்கள். கல்யாண வீடுகளில் யாராவது ஒரு மாமா அப்பாவிடம் கைகொடுத்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அது மனசார வந்த சிரிப்பா, பழகிப்போன சிரிப்பா என்று அவளால் கடைசிவரை பிரித்தறிய முடியவில்லை.

அண்ணன் எமிர் அப்படிச் சிரிக்கத் தெரியாதவன். இருபத்து மூன்று வயதில் ஊரின் மீட்புப் படகில் இருந்தான். 1983 அக்டோபரில் பாய்ப்படகு கவிழ்ந்து இறந்துபோன ஒருவரை அவன்தான் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்டான். மறுநாள் அந்த ஆளின் மனைவி வந்து கல்யாண மோதிரத்தைக் கேட்டாள். அது கடலோடு போயிருந்தது. அவள் எவரையும் குறைசொல்லவில்லை, கேட்டாள், அழுதாள், போய்விட்டாள். அன்று சாயங்காலம் மதுக்கடையில்தான் எவனோ ஒருவன், "எமிரு, பாக்கெட்ட ஒருதரம் உதறிக் காட்டேம்ப்பா!" என்றான். கடையே சிரித்தது. எமிர் எழுந்து நின்று இரண்டு பாக்கெட்டுகளின் துணியையும் வெளியே இழுத்துக் காட்டினானாம். ஒரு கயிற்றுத் துண்டும் இரண்டு புதினா மிட்டாயும் விழுந்தன. குனிந்து பொறுக்கிக்கொண்டு போனவன், பிறகு மீட்புப் படகுக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் அவனுடைய சின்னப் படகு தீவுக்கு அப்பால் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் கோட்டு அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அதன்பின் அப்பா அவன் பெயரைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

நூலகத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை நெஸ்டா பையோடு நேரே டெலித்தின் தேநீர்க்கடைக்குப் போனாள். டெலித்தான் ஊரின் கரையோர மரபுக் குழுத் தலைவி. சனிக்கிழமை புதிய நடைபாதை திறப்பு. 'விரல் பாதை' என்று அதற்குப் பெயர். கடைச் சுவரில் சாத்தியிருந்த அறிவிப்புப் பலகையில், முக்காடு போட்ட ஒருத்தி கடலோரம் மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். கீழே பாதிரியாரின் வாசகம் கொட்டை எழுத்தில். கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் வடிவ பிஸ்கட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் நீலச் சர்க்கரைப் பொட்டு.

டெலித் காகிதங்களை எல்லாம் நிதானமாகப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"நல்லாத்தான் கண்டுபிடிச்சிருக்க நெஸ்டா. ஆனா போர்டு அச்சாகி வந்தாச்சேடி."

"பொய்ன்னு தெரிஞ்ச பெறகுமா மாட்டப்போற?"

"எதுடி பொய்யில்ல? அந்தப் புனிதர் கடல் மேல நடந்து வந்தாருன்னு கிணத்தாண்ட போர்டு நிக்குதே, அதுக்கு யாரு சாட்சி? சனங்க கதைக்குத்தான் வர்றாங்க. பாதிரியாருக்குக் கால் வலி, அதனால வரலைன்னு எழுதி வச்சா எவன் வண்டிய நிறுத்துவான்?"

"எமிருக்காகக் கேக்கறேன் டெலித்."

டெலித் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். வெகுநேரம் ஒரே இடத்தில் துடைத்தாள்.

"அன்னிக்கு அந்தக் கடையில ஊத்திக் குடுத்துக்கிட்டு நின்னது நான்தான். தெரியுமில்ல உனக்கு? நானும்தான் சிரிச்சேன். அவன் அந்தத் துணிய வெளிய இழுத்தான் பாரு, அப்பவும் சிரிச்சேன். சும்மா ஒரு ஊர்க் கதை, அதுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டானேன்னு இத்தன வருசமா சொல்லிச் சொல்லித்தான் மனசத் தேத்திக்கிட்டு வர்றேன்." குரல் இறங்கியது. "கதையும் இல்லேன்னு நீ எழுதி மாட்டிட்டா, நாங்க அன்னிக்கு எதுக்குடி சிரிச்சோம்? வேணாம் நெஸ்டா. விட்டுடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

நெஸ்டாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவள் காகிதங்களை வரிசைப்படி அடுக்கினாள். டெலித் உலர்திராட்சை ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டி, வெண்ணெய் தடவி, தாளில் சுற்றி அவள் கையில் திணித்தாள். "அப்பாவுக்குக் குடு. அவருக்குப் பிடிக்கும்."

ஊரும் குழுவும் எக்கேடும் கெடட்டும், இது அப்பாவுக்காகத்தானே என்று முதியோர் இல்லத்துக்கு ஏறும் சரிவில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாவட்ட நூலகத்தில் முப்பது வருடம் பிறருடைய புத்தகங்களுக்கு முத்திரை குத்தியவள். கல்யாணம் ஒன்று வந்தது, நின்றது. கேட்டால் அதற்கு வேறு காரணம் சொல்வாள். ஓய்வு பெற்ற மறுவாரமே இதில் இறங்கியவள், எத்தனையோ பயணிகளின் நூல்களைப் படித்திருந்தாள். எல்லாருமே மழையைத் திட்டினார்கள், அப்பத்தைத் திட்டினார்கள், ஊர்ப் பேச்சு கூழாங்கல் உருளுவது போல இருக்கிறது என்றார்கள். குதிரையை விட்டு இறங்காமலே இந்த ஊர்களை எழுதிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவன் குதிரைகூட ஏறவில்லை. அதை அப்பாவிடம் சொல்லும் நொடிக்காகத்தான் இத்தனையும்.

இட்வாலுக்கு எண்பத்தெட்டு. கால்கள்தான் போய்விட்டன, புத்தி கத்தி மாதிரி. வழக்கம்போல சன்னலோரம் சக்கர நாற்காலியில் கடலைப் பார்த்தபடி இருந்தார். நெஸ்டா அருகே உட்கார்ந்து, இரண்டு பத்திகளையும் வாசித்துக் காட்டினாள். கடிதத்தையும் வாசித்தாள். "இன்னொருதரம் படி" என்றார். படித்தாள்.

"அப்ப அந்த ஆளு இங்க வரவே இல்லையா?"

"இல்லப்பா. ஒரு நாளும் வரல."

"நம்ம வீட்டுப் பொம்பள யாரும்..."

"யாருமே இல்லப்பா. நாம ஒண்ணும் பண்ணல." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் கையைப் பிடித்தாள். கை பிடி கொடுக்காமல் கிடந்தது.

தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியில் கோப்பைகளைக் கொண்டுபோனார்கள். பிறகு அவர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எமிர் படகு கெடைச்ச அன்னிக்கு நான் கரையில நின்னு ஒண்ணு நெனச்சேன் கண்ணு. நம்ம வீட்டுக்காரி ஒருத்தி கடல் குடுத்ததப் பறிச்சா. அதுக்குக் கடல் ஒண்ண எடுத்துக்கிச்சு. சரி, தீந்துச்சு, இனிமே உன்னத் தொடாதுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சதாலதான் மறுநாள் எந்திரிச்சுப் போய் மாட்டக் கறந்தேன். அதுக்கு மறுநாளும். இங்க ஒக்காந்து தெனம் அந்தத் தண்ணியப் பாக்கறேனே, அதுவும் அப்படித்தான். அதுக்கும் எனக்கும் சண்டையில்ல. நியாயமாத்தான் எடுத்துச்சுன்னு..."

நிறுத்தினார். தாடை ஆடியது.

"இப்ப வந்து ஒண்ணுமே இல்லேங்கற. அப்ப எம்புள்ள எதுக்கும்மா போனான்?"

நெஸ்டா மடியிலிருந்த காகிதங்களைப் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ கேள்விகளுக்குப் பக்க எண்ணோடு பதில் எழுதி வைத்திருந்தாள். இதற்கு ஒன்றுமில்லை. எவனோ ஒரு சோம்பேறி, எங்கோ ஒரு விடுதியில், பக்கத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காக, வரைபடத்தில் கண்ணில் பட்ட ஒரு கரையின் பெயரைப் பார்த்து எழுதினான். அந்தப் பேனா கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் பக்கத்து ஊர். அவ்வளவுதான் காரணம். அதை எப்படி ஒரு தகப்பனிடம் சொல்வது?

"நான் தப்பாப் படிச்சிருப்பேனோ என்னமோப்பா" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "பழைய எழுத்து. வேற யாராவது... வருசம்கூட மாறியிருக்கலாம். நான் மறுபடி போய்ப் பாக்கறேன்."

இட்வால் அவள் பக்கம் திரும்பினார். அந்த வெளிறிய கண்களில் கோபமில்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"நீ தப்பாப் படிக்கற ஆளு இல்லம்மா. உங்கம்மா மாதிரி நீ." பிறகு, தண்ணீர் கேட்பதைப் போலச் சாதாரணமாக, "இந்த நாற்காலிய அந்தப் பக்கம் திருப்பி விடேன்" என்றார்.

"எந்தப் பக்கம்ப்பா?"

அவர் சுவரைக் காட்டினார்.

சக்கரத்தின் பூட்டை விடுவிக்கச் சிறிது நேரமாயிற்று. மெதுவாகத் திருப்பினாள். பச்சைக் கோடு போட்ட சுவர்த்தாள். சுவரில் பதித்த மின் பிளக் ஒன்று. எப்போதோ படம் மாட்டி எடுத்த இடத்தில் ஓர் ஆணித்துளை. அவர் அதைப் பார்த்தபடி கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

பணிப்பெண் தேநீரோடு வந்தவள், "அடடே, யாரு தாத்தாவ இப்படித் திருப்பி வச்சது? கடல் எங்க, நீங்க எங்க!" என்று நாற்காலியின் பிடியில் கைவைத்தாள். இட்வால் போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்துச் சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் இரண்டுதரம் தள்ளிப் பார்த்தாள். நெஸ்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தரையில் வைத்துப் போய்விட்டாள்.

நெஸ்டா சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளும் சுவரைப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் மழை விட்டிருக்க வேண்டும். சன்னல் வழியாக வந்த வெளிச்சம் பச்சைக் கோடுகளின் மேல் விழுந்தது. அலையில் பட்டுத் திரும்பிய வெளிச்சமாக இருக்கும். சுவர் முழுவதும் அது நெளிந்து நெளிந்து அசைந்துகொண்டே இருந்தது.