டென்னி இறங்கினால் ஜெயிப்போம்

எங்கள் ஊரில் பேஸ்மென்ட் இல்லாத வீட்டை யாரும் வீட்டுக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். பிட்ஸ்பர்க் முழுக்க மேடும் பள்ளமும்தான். எந்த மேட்டில் வீடு கட்டினாலும் தரைக்கு அடியில் ஓர் அறை கிடைத்துவிடும். துணி துவைக்கும் மிஷின் அங்கே, இரண்டாவது பிரிட்ஜ் அங்கே, கிறிஸ்துமஸ் சாமான் எல்லாம் அங்கே. சுவரும் கதவும் இல்லாமல் நட்டநடுவில் ஒரு கக்கூஸும் அங்கேதான். இரும்பாலை விட்டு வரும் ஆண்கள் கரியும் வேர்வையுமாக மேலே ஏறி வரக் கூடாதென்று என் மாமனார் காலத்தில் வைத்தது. ஆலையை மூடியாகிவிட்டது, கக்கூஸை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

என் கணவன் டென்னிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனது. எங்கள் பழைய வீட்டில் தெருவிலிருந்து வாசலுக்கு வரவே செங்குத்தாகப் படி. அதனால் வேறு வீடு பார்ப்பதென்று முடிவு செய்தோம். அதுவரை எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை.

தரகர் டார்லீன் முதலில் காட்டியது ஒரே தளத்தில் ஒரு வீடு. படியே கிடையாது. பெரிய ஜன்னல், அதில் ஆறு தெரிந்தது. டென்னி ஹால் நடுவில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான்.

"டிவிய இங்க வச்சா எங்க உக்காந்தாலும் தெரியும்," என்றான்.

"டிவி கெடக்கட்டும். பேஸ்மென்ட் எங்க?" என்று டார்லீனைக் கேட்டேன்.

"பேஸ்மென்ட் இல்லீங்க. கான்கிரீட் தரை மேல நேரா கட்டுனது."

கூட வந்திருந்த டென்னியின் அண்ணன் ஸ்டஷ், துக்க வீட்டுக்கு வந்ததுபோல் தொப்பியைக் கழற்றினான். "டேய், அப்ப ஞாயித்துக்கிழமை நீ எங்கடா போவ?"

டார்லீனுக்குப் புரியவில்லை. பாவம், வெளியூர்க்காரி.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஒரு பெரிய ஃபுட்பால் ஆட்டம், பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர் ஃபுட்பால். எங்கள் டீம் தோற்றுக்கொண்டிருந்தது. டென்னி புளித்த முட்டைக்கோஸை ஒரு பிடி பிடித்திருந்தான். வயிறு கலக்கி பேஸ்மென்ட்டுக்கு ஓடினான். அவன் உட்கார்ந்தானோ இல்லையோ, மேலே நாங்கள் ஜெயித்துவிட்டோம். அன்றைக்குப் பிடித்தது வழக்கம். ஆட்டம் முடிகிற நேரத்தில் டீம் பின்தங்கினால், எல்லோரும் டென்னியைப் பார்ப்போம். "டென்னி, இறங்கு," என்பான் ஸ்டஷ். அவன் போய் கக்கூஸ் மூடியை மூடி அதன்மேல் உட்கார்ந்திருப்பான். ஜெயித்தால் அவன் ராசி. தோற்றால், லேட்டாக இறங்கினான் என்று திட்டுவோம்.

"இந்த வீட்ல கார் விடுற கராஜ் இருக்கே. அங்க போய் உக்காந்தா ஆகாதா?" என்றாள் கதையைக் கேட்ட டார்லீன்.

"ஆகாதும்மா. எங்க காலுக்குக் கீழ இருக்கணும்," என்றான் ஸ்டஷ், பாதிரியார் மாதிரி.

நானும் ஸ்டஷ் கட்சிதான். ஆம்பளைக்கு வீட்டில் தனக்கென்று ஒரு மூலை வேண்டாமா? டென்னி வாயில்லாப் பூச்சி. இறங்கு என்றால் முனகாமல் இறங்குவான், சிரித்துக்கொண்டே ஏறி வருவான். அந்த இடம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். டீம் விஷயத்தில் விஷப்பரீட்சை செய்கிறவள் நானில்லை. முட்டிக்காக வீடு தேடிவிட்டு, படி இருந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

இரண்டாவது, பழைய செங்கல் வீடு. பேஸ்மென்ட் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம். அதைக்கூட மன்னித்துவிட்டேன், ஏனென்றால் நடுவில் பளபளவென்று கக்கூஸ் இருந்தது.

"உன் சிம்மாசனம் ரெடிடா," என்று ஸ்டஷ் சிரித்தான்.

டென்னி கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கி வந்தான். மூடிமேல் உட்கார்ந்தான். மேலே டார்லீன் நடப்பது கேட்டது. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கத்துறது இங்க நல்லா கேக்கும்," என்றான். "ஆனா பந்த யாரு புடிச்சான்னு தெரியாது. ஜெயிச்சோமா தோத்தோமான்னு சத்தத்த வச்சுத்தான் கண்டுபுடிப்பேன். மறுநாள் வேலைக்குப் போனா, கடைசி கேட்ச் பாத்தியாம்பானுங்க. பாத்தேம்பேன். ஒண்ணுகூடப் பாத்ததில்ல ரீட்டா."

"அதான் டிவில திருப்பித் திருப்பிப் போடுறானேடா," என்றான் ஸ்டஷ்.

"திருப்பிப் போடும்போது யாரும் என்னைக் கட்டிப்புடிக்கறதில்லையே."

ஸ்டஷ் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். "சொல்லியிருக்கலாம்லடா."

"சொல்லிட்டு இறங்காம இருந்தா தோத்துருவோமே."

இத்தனை வருஷம் மேலே எங்கள் டீமின் மஞ்சள் துண்டைச் சுழற்றிக்கொண்டு பக்கத்திலிருப்பவர்களையெல்லாம் கட்டிப்பிடித்திருக்கிறேன். பக்கத்தில் என் புருஷன் இல்லை என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"டார்லீன்," என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். "அந்த மொத வீட்டையே பேசி முடிங்க."

புது வீட்டில் முதல் ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் சாசேஜ், ஹால் நிறைய ஆட்கள். ஆட்டம் முடியப் போகிறது, நாங்கள் பின்தங்கியிருக்கிறோம். ஸ்டஷின் கண் டென்னி பக்கம் போய், சட்டென்று கார்ப்பெட்டுக்கு இறங்கியது. டென்னியே முட்டியில் கையை ஊன்றினான்.

"வேணும்னா கராஜ்ல போய்..."

"உக்காரு," என்று துண்டை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன்.

"கராஜ் பலிக்காது ரீட்டா," என்றான் ஸ்டஷ்.

"அது டென்னிக்கு. என் ராசி வேற."

கராஜில் ஒரே குளிர். பழைய பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, இரண்டாவது பிரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிரிட்ஜ் உறுமுவதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பந்து யாரிடம் இருக்கிறது, எவ்வளவு நேரம் மிச்சம், ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பாடு என்று அப்போதுதான் தெரிந்தது.

திடீரென்று சுவர் அதிர ஒரு கூச்சல். அதில் எல்லாவற்றையும் மீறி, கரகரவென்று ஒரு புதுக் குரல். யாரது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. டென்னி கத்தி நான் கேட்டதே இல்லை.

கதவு திறந்தது. நொண்டிக்கொண்டே வந்தான். ஜெயித்தோமா என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் கட்டிப்பிடித்துவிட்டான்.

"பாத்தேன்டி," என்றான்.