லவீனாவின் கால்கள்

திருவிருந்துக்கு முந்தைய ஞாயிறு, எங்கள் மெனோனைட் சபையில் ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும்: "கர்த்தரோடும் சபையாரோடும் எனக்குச் சமாதானம்." ஒருவர் மறுத்தாலும் விருந்து நின்றுபோகும். அல்மீடாவும் சொன்னாள். தங்கை லவீனா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

அல்மீடாவின் குழந்தை இருமி இருமி மூச்சடைத்து இறந்தபோது, "பிள்ளை இருமுறப்ப அவ நல்லாத் தூங்கியிருப்பா" என்று லவீனா தையல் கூட்டத்தில் சொல்லியிருந்தாள். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது.

விருந்தன்று காலையிலேயே எங்கள் ஊரான வாட்டர்லூவின் வயல்கள்மேல் வானம் கறுத்துத் தாழ்ந்திருந்தது. கட்டியிருந்த வண்டிக் குதிரைகள் நிலைகொள்ளவில்லை; எங்கள் சபையில் யாருக்கும் கார் கிடையாது. நிறைமாத வயிற்றோடு தாமதமாக வந்த லவீனா, வேறு இடம் இருந்தும், அல்மீடாவின் அருகில் உட்கார்ந்தாள். விருந்தின் முடிவில் ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கில், பக்கத்தில் இருப்பவரின் காலைத்தான் கழுவ வேண்டும்.

அப்பமும் திராட்சரசமும் முடிந்து பெண்கள் பின்னறைக்குப் போனார்கள்.

"நான் முதல்ல கழுவுறேன்க்கா."

"இந்த வயித்தோட குனிஞ்சா உன்னைத் தூக்கக் குதிரை பூட்டணும். உக்காரு."

லவீனா சிரிக்கவில்லை. "ஸ்டாக்கிங்கோடயே தண்ணி ஊத்திடேன்."

அல்மீடா காதில் வாங்காமல் அந்த நீளக் காலுறையை உரித்தாள். உள்ளே கால் வீங்கி மெழுகுபோல் பளபளத்தது. அவள் கட்டைவிரல் அழுந்திய இடத்தில் பள்ளம் விழுந்தது. விரலை எடுத்தும் பள்ளம் மறையவில்லை.

"தலை வலிக்குதா?"

"பொளக்குது. கண்ணுல பொறி பறக்குது. உன் முகமே பாதிதான் தெரியுது."

அவர்களுடைய சூசன்னா சித்தி நிறைமாதத்தில் இதையேதான் சொன்னாள். அன்றிரவே விரல்கள் துடித்து வலிப்பு கண்டது. மறுநாள் அவளையும் பிள்ளையையும் ஒரே சவப்பெட்டியில் வைத்தார்கள்.

"இப்படி இருக்கிறப்ப ஏன்டி வந்தே?"

"வரலைன்னா உன்மேல வெச்ச கோவத்துல வரலைம்பாங்க. விருந்து நின்னிருக்கும்."

சுற்றிலும் பெண்கள் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தில் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"போன வாரம் நான் சமாதானம்னு சொன்னது பொய், லவீனா."

"தெரியும். நானும் பொய்தான் சொன்னேன்."

"சரி, அந்தச் சண்டையைப் பிள்ளை பிறந்தப்புறம் போட்டுக்கலாம். எந்திரி."

வெறுங்காலோடு அவளை அணைத்துக்கொண்டு, ஆண்கள் பக்கம் வழியாகவே அல்மீடா நடந்தாள். பாட்டு அறுந்தது. பிஷப் எழுந்து நின்றார்.

"ஆரோன்," என்று லவீனாவின் கணவனைக் கூப்பிட்டாள். "பக்கத்துப் பண்ணைக்கு ஓடு. கார் எடுத்துட்டு வரச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"விருந்து இன்னும் முடியலையே, அண்ணி—"

"உன் பொண்டாட்டி முடிஞ்சிடுவா. ஓடு."

அவன் ஓடினான். வாசலில் தன் சால்வையை விரித்து அல்மீடா அவளைப் பக்கவாட்டில் படுக்க வைத்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..."

"பேசாதே. என் கையை இறுக்கிப் பிடி."

லவீனா பிடித்தாள். பாதையின் கோடியில் கார் சத்தம் கேட்டது. அல்மீடாவின் கைக்குள் அந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் துடிக்கத் தொடங்கின.