கனத்துப்போன ஈயக்குண்டு

மலேசியாவின் கிள்ளான் ஆற்றைப் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே இடத்தில் அளந்துவந்தவர் பரமேஸ்வரன். படகிலிருந்து கயிற்றில் ஈயக்குண்டை இறக்குவார். அது அடி தட்டியதும் கயிற்றின் அளவைக் குறித்துக்கொள்வார். வண்டல் ஏறுகிறதா, ஆறு அடியை அரிக்கிறதா என்பது அந்த எண்ணில்தான் தெரியும். தூர்வார வேண்டுமா என்று முடிவு செய்பவர்களும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

அன்று, வேலைக்குப் புதிதாக வந்த பொறியாளர் ரிஹானா, கயிற்று நுனியில் தட்டையான தகடொன்றைக் கட்டி இறக்கினாள். பரமேஸ்வரன் அளந்ததைவிட ஆழம் நாற்பது சென்டிமீட்டர் குறைவாக இருந்தது.

"அங்கிள், உங்க குண்டு என்ன வெயிட்டு?"

பரமேஸ்வரன் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். ஆறு வருடத்துக்கு முன் பழைய குண்டு அறுந்து நீரோடு போயிற்று. நீரோட்டம் இழுக்காமலிருக்கட்டும் என்று இரண்டு மடங்கு கனமானதை மாட்டினார். அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அது சேற்றின் மேல் நிற்காமல் உள்ளே புதைந்திருக்கிறது. அந்த வருடம் ஆழம் கூடியதை, வெள்ளம் அரித்துவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். பிறகு ஏறிய இளகிய வண்டலிலும் குண்டு புதைந்ததால், அது கணக்கிலேயே தெரியவில்லை.

ரிஹானா குரலைத் தாழ்த்தினாள். "கருவிக் கோளாறுன்னு எழுதிடலாம், அங்கிள். உங்க பேரு வராது."

"கருவி என்னம்மா பண்ணுச்சு? மாத்துனது நான். எந்தத் தேதியிலன்னு இருந்தாத்தான் கணக்கத் திருத்த முடியும். என் பேரையே போடு. தூர்வார மெஷின் எப்ப வரும்?"

"சீக்கிரம்னா பிப்ரவரி."

பருவமழைக்கு மூன்றே வாரம் இருந்தது; மேடேறிய ஆறு கரை தாண்டும். மழையை நிறுத்து என்று கடவுளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கரையேறி வீடு வீடாகப் போய்ச் சொல்லும் தைரியத்தை மட்டும் கேட்டார்.

கரையோர முதல் வீடு சீதாலெட்சுமியுடையது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

"போன வருஷம் வீட்ட உயர்த்திக் கட்டவான்னு கேட்டேன். 'பயமில்ல லா அக்கா'ன்னு சொன்னது யாரு?"

"நான்தான். தப்பா அளந்துட்டேன்."

அவள் ஆற்றைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

"பெரிய மனுஷன் மாதிரி வந்து சொல்லிட்டா தண்ணி திரும்பிப் போயிடுமா?" என்றாள். "நிக்காதீங்க. ஃபிரிட்ஜத் தூக்கி மேசை மேல வைக்கணும். ஒரு கை பிடிங்க."

அவர் பின்னாலேயே வந்திருந்த ரிஹானாவும் சேற்றுக் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஃபிரிட்ஜை ஏற்றியதும் பரமேஸ்வரன் மூச்சு வாங்கியபடி கேட்டார்: "பக்கத்து வீட்டுல ஆளு இருக்காங்களா, அக்கா?"