போகும் பக்கம், வரும் பக்கம்

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்துப் பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், சாலையைச் சோதிக்கக் கிளம்பிவிடுவார். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு வரைபடம் இணையத்தில் இருக்கிறதாம். எந்தச் சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சைக்கிள் போகும் அளவுக்குத் தார் போட்ட ஓரம் இருக்கிறது என்று அதில் குறிப்பதில்தான் மனிதருக்கு உயிர். கார் ஓட்டுவது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்ப்பார், போனில் தட்டுவார். "கொஞ்சம் மெதுவா போயேன்" என்பார். பின்னால் வரும் லாரிக்காரரின் திட்டு மட்டும் எனக்கு.

மகளுக்குப் புறவழிச் சாலையைத் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை கிடைத்தது. சைக்கிளில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லாரி பறக்கிற சாலை அது. வேண்டவே வேண்டாம் என்றேன்.

"அப்பா குறிச்சு வெச்சிருக்கேன். கடைசி வரைக்கும் நல்ல ஓரம். தைரியமா போம்மா," என்றார், சாலையைத் தானே போட்டவர் மாதிரி.

முதல் நாள் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். ஓரம் அருமையாம். அவருக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போதும் அதே பாட்டுத்தான். பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"போற பக்கம் சரி. வர்ற பக்கம் யார் பார்த்தா?"

"ரெண்டு பக்கமும் இருக்குன்னுதான் போட்டிருக்கேன்."

"போட்டீங்க. பார்த்தீங்களா? அன்னிக்கு வரும்போது சீட்டைச் சாய்ச்சுக் குறட்டை விட்டுட்டுல்ல வந்தீங்க? நம்ம பொண்ணுகிட்டக்கூடச் சொல்லிச் சிரிச்சேனே."

டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு பக்கம் இருந்தா மறுபக்கமும் இருக்கும்னு..." என்று இழுத்தார்.

வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கேலிப் பேச்சை விட்டுவிட்டு எழுந்தேன். கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் போன் சிணுங்கியது. வரைபடத்தில் அவர் குறித்ததை யாரோ மாற்றியிருக்கிறார்களாம். வேறு நாளாக இருந்தால் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருப்பார். அவர் குறித்த சாலையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது.

எட்டிப் பார்த்தேன். 'இரண்டு பக்கமும்' என்று இருந்தது 'போகும் பக்கம் மட்டும்' என்று மாறியிருந்தது. மாற்றியதற்கான காரணத்தைக் கீழே எழுதியிருந்தாள் என் மகள்.

"பாலத்துக்கு அப்புறம் ஓரமே இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கிட்டே பெட்ரோல் பங்க் வரைக்கும் வந்து நிக்கிறேன். இதைக் குறிச்சவர் அப்போ தூங்கிட்டிருந்தாராம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் அந்தத் திருத்தத்தின் கீழே 'சரி' என்று மட்டும் தட்டினார்.

அவளைக் கூட்டிவரக் காரில் ஏறினோம். வழியெல்லாம் சீட்டின் நுனியில் விறைப்பாக உட்கார்ந்து, எதிர்ப்பக்கத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் சாய்ஞ்சுக்கோங்களேன்," என்றேன்.

"நீ ரோட்டைப் பாரு," என்றார்.